மழைக்கு முன் வீசும் காற்று: மோசமான வானிலை விமானத்தை எப்படி வீழ்த்துகிறது?

கத்திரி வெயில் நாட்களில் கடலூரில் வசிப்பவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. பிற்பகல் நான்கு மணிவாக்கில் பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் மேற்கு வானம் கறுத்துக்கொண்டு வரும். அதுவரை இலைகூட அசையாமல் புழுங்கிக் கிடந்த தெருவில், முதல் துளி விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பாக, குளிர்ந்த காற்று ஒன்று புழுதியை வாரிக்கொண்டு திடீரென்று வீசும். மொட்டைமாடியில் காயும் துணிகளை எடுக்க எல்லோரும் ஓடுவார்கள். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது, அது ஏன் குளிர்ந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், மோசமான வானிலை ஒரு பயணிகள் விமானத்தை எப்படி வீழ்த்தக்கூடும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

புயல் என்றதும் நமக்கு 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த தானே புயல் நினைவுக்கு வரும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டிய ஃபெஞ்சல் நினைவுக்கு வரும். ஆனால் இத்தகைய பெரும்புயல்களால் பயணிகள் விமானங்கள் விழுவது மிக அரிது. அவை வருவது பல நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதும் படகுகள் கரையில் நின்றுவிடுவதைப் போல, விமானங்களும் ரத்து செய்யப்படுகின்றன, அல்லது வேறு ஊருக்குத் திருப்பப்படுகின்றன. ஃபெஞ்சலின்போது சென்னை விமான நிலையமே பல மணி நேரம் மூடப்பட்டது. விமானத் துறை அதிகம் அஞ்சுவது, பெயரே வைக்கப்படாத, அரை மணி நேரத்தில் பிறந்து அடங்கிவிடும், கோடைக்கால மாலையின் ஒற்றை இடிமேகத்தைத்தான்.

இதை விளங்கிக்கொள்ள, விமானம் பறப்பது எப்படி என்பதில் ஒரே ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கைகளின் மீது ஓடும் காற்று. ஆகவே, தரையைப் பொறுத்து அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட, தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்து எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதே அதன் உயிர்நாடி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் பட்டம் விடும் சிறுவனுக்கு இது தெரியும். அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான்; ஆனாலும் எதிர்க்காற்று இருக்கும்வரை பட்டம் மேலே நிற்கிறது, காற்று விழுந்த கணத்தில் பட்டமும் விழுகிறது. விமானத்திற்கு எஞ்சின்கள் உண்டு என்பதால் அது பட்டம்போல் முழுவதும் காற்றை நம்பியிருப்பதில்லை. இருந்தாலும், அறுபது எழுபது டன் எடையுள்ள ஒரு பொருளின் வேகத்தை நொடிப்பொழுதில் கூட்டிவிட எந்த எஞ்சினாலும் இயலாது.

இனி அந்த மேகத்திற்கு வருவோம். வெயிலில் காய்ந்த நிலத்தின் மேலுள்ள வெப்பக் காற்று, பிற்பகலில் உள்ளே நுழையும் ஈரமான கடற்காற்றால் தள்ளப்பட்டு மேலெழும்புகிறது. மேலே செல்லச் செல்லக் குளிர்ந்து, நீராவி துளிகளாகி, 12 கி.மீ., 15 கி.மீ. உயரம்வரை கோபுரம்போல் வளர்கிறது. உள்ளே மழைத்துளிகளும் ஆலங்கட்டிகளும் கனத்து, மேலெழும் காற்றால் தாங்க முடியாத அளவை எட்டியதும், அவை தம்மைச் சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு கீழே விழத் தொடங்குகின்றன. விழும் வழியில் துளிகளின் ஒரு பகுதி ஆவியாகிறது. ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானையில் ஊற்றிய நீர் குளிர்வதும் இதே வழியில்தான். குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே அது இன்னும் வேகமாக இறங்குகிறது. தரையில் மோதியதும், குழாயிலிருந்து விழும் நீர் சிமெண்டுத் தரையில் பட்டு நாலாபுறமும் தெறித்து ஓடுவதைப்போல், அந்தக் காற்றும் எல்லாத் திசைகளிலும் விரிந்து ஓடுகிறது. நம் தெருவில் மழைக்கு முன் வீசும் குளிர்காற்று, சில கி.மீ. தொலைவில் அவ்வாறு தரையில் மோதிச் சிதறி வந்த காற்றின் விளிம்புதான்.

இப்படி இறங்கும் காற்று, ஏறத்தாழ 4 கி.மீ. குறுக்களவுக்குள் அடங்கி மிகக் கடுமையாக இருந்தால், அதை மைக்ரோபர்ஸ்ட் என்கிறார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நிமிடங்கள்தான் அதன் ஆயுள். வீட்டுக்குள் இருப்பவருக்கு அது ஒரு பலமான காற்று, அவ்வளவே. தரையிறங்கிக்கொண்டிருக்கும் விமானத்திற்கு நிலைமை வேறு.

கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு விமானம் காற்றைப் பொறுத்து மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஓடுபாதையை நோக்கி இறங்கி வருகிறது என்று கொள்வோம். மைக்ரோபர்ஸ்டின் முன்விளிம்பில் நுழைந்ததும், தன்னை நோக்கிச் சிதறி வரும் காற்றை அது எதிர்க்காற்றாகச் சந்திக்கிறது. உடனே வேகமானி கூடுதலாகக் காட்டும்; விமானம் தேவையில்லாமல் மேலே தூக்கப்படும். இதன் காரணம் புரியாத விமானி, வேகம் அதிகமாகிவிட்டது என்று எண்ணி எஞ்சின் விசையைக் குறைத்துவிடக்கூடும். பொறி அங்கேதான் இருக்கிறது. விமானம் அந்த எதிர்க்காற்றுக்குப் பழகி, காற்றைப் பொறுத்து மீண்டும் 250 கி.மீ. வேகத்துக்கு வந்துவிட்டது என்போம். எதிர்க்காற்றின் வேகம் 40 கி.மீ. என்றால், தரையைப் பொறுத்து அது 210 கி.மீ. வேகத்தில்தான் நகர்கிறது. சில நொடிகளில் நடுப்பகுதி வருகிறது. மேலிருந்து விழும் காற்று விமானத்தைக் கீழே அழுத்துகிறது. அதைக் கடந்ததும் மறுபக்கத்தில், காற்று பின்னாலிருந்து 40 கி.மீ. வேகத்தில் வீசுகிறது. தரையைப் பொறுத்த 210 கி.மீ. வேகம் உடனடியாக மாறாது. ஆனால் இறக்கைகளின் மீது ஓடும் காற்றின் வேகமோ 170 கி.மீ. ஆகச் சரிந்துவிடுகிறது. பெரிய விமானம் ஒன்றைத் தாங்க அது போதாது. பத்தாயிரம் அடி உயரத்தில் இது நேர்ந்தால், மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்டுக்கொள்ளலாம். தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் நேர்ந்தால், மீட்பதற்குக் கீழே இடமில்லை. குறுகிய தொலைவுக்குள் காற்றின் வேகமோ திசையோ இவ்வாறு மாறுவதைத்தான் விமானிகள் விண்ட் ஷியர் என்று சொல்கிறார்கள்.

1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில், இடிமழைக்கு நடுவே இறங்க முயன்ற ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் போயிங் 727 விமானம் ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே விழுந்து நூற்றுக்கும் அதிகமானோர் உயிரிழந்தார்கள். சற்று முன்னர் அதே பாதையில் இறங்கிய சில விமானங்கள் பத்திரமாகத் தரைதொட்டிருந்தன; சிலர் காற்றைப் பற்றி எச்சரித்தும் இருந்தார்கள். சில நிமிட இடைவெளியில் ஒரே ஓடுபாதையில் இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது என்ற புதிரை அவிழ்த்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜப்பானிய வானிலை அறிஞர் தெட்சுயா ஃபுஜிட்டா. இளைஞராக இருந்தபோது, அணுகுண்டு வீசப்பட்ட நகரங்களில் மரங்கள் ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்ததை அவர் ஆராய்ந்திருந்தார். பின்னாளில் அமெரிக்காவில் புயலடித்த காடுகளின் மேல் பறந்து பார்த்தபோது, அதேபோல் நட்சத்திர வடிவில் மரங்கள் சாய்ந்து கிடந்ததைக் கண்டு, மேலிருந்து ஒரு காற்று விழுந்து சிதறியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். தொடக்கத்தில் இதை ஏற்க மறுத்த அறிஞர்கள் பலர். ஒரு பேரழிவின் தடயத்தை மனத்தில் சுமந்துசென்ற ஒருவர், அதைக்கொண்டே பிற்காலத்தில் எண்ணற்ற உயிர்களைக் காக்கும் அறிவைத் தந்தார் என்பது என்னை எப்போதும் நெகிழச் செய்யும் செய்தி.

அந்த அறிவு விமானி அறையைச் சென்றடைவதற்குள் மேலும் உயிர்கள் போயின. 1982 ஜூலை 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் மேலெழும்பிய பான் ஆம் விமானம் இதே காரணத்தால் குடியிருப்புகளின்மேல் விழுந்து, 153 பேர் இறந்தார்கள். 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸில் தரையிறங்க வந்த டெல்டா 191 விமானம், எதிரே மின்னல் வெட்டிய ஒரு மழைத்திரைக்குள் நுழைந்து, ஓடுபாதைக்கு வெளியே தரையில் மோதியது. 137 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே மாற்றங்கள் விரைந்தன. ஓடுபாதையைச் சுற்றிலும் பல இடங்களில் காற்றுமானிகள் நடப்பட்டு, அவற்றின் அளவுகள் ஒன்றோடொன்று கணினியில் ஒப்பிடப்பட்டன. மழைத்துளிகளின் நகர்வைக்கொண்டு காற்றின் வேகத்தை அறியும் டாப்ளர் ராடார்கள் விமான நிலையங்களுக்கென்றே அமைக்கப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் நாசா ஆய்வாளர்கள் போயிங் 737 விமானம் ஒன்றை உண்மையான மைக்ரோபர்ஸ்டுகளுக்குள்ளேயே ஓட்டிச்சென்று, முன்னால் இருக்கும் காற்று மாற்றத்தை நொடிகளுக்கு முன்பே கண்டறியும் கருவியைச் சோதித்தார்கள். இன்று பெரிய பயணிகள் விமானங்களில் "விண்ட் ஷியர்" என்று உரக்க ஒலிக்கும் எச்சரிக்கை அந்த உழைப்பின் பயன். அது ஒலித்தால் முழு விசையோடு மேலேறிச் செல்ல வேண்டும் என்பது விமானிகளுக்குத் திரும்பத் திரும்பப் பயிற்றுவிக்கப்படுகிறது.

இடிமேகத்தின் தீங்கு அதன் அடியில் மட்டும் இல்லை. உள்ளே நுழைந்தால் ஆலங்கட்டிகள் முன்கண்ணாடியை நொறுக்கும். அளவுக்கு மீறிய மழையும் ஆலங்கட்டியும் எஞ்சினுக்குள் புகுந்து அதை அணைத்துவிடவும் கூடும். 1977 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சதர்ன் ஏர்வேஸ் விமானம் ஒன்று அவ்வாறு இரண்டு எஞ்சின்களையும் இழந்து நெடுஞ்சாலையில் இறங்க முயன்று அழிந்தது. விமானத்தின் மூக்கிலுள்ள ராடார் மழையைக் காட்டும். ஆனால் முன்னால் இருக்கும் கனமழை ராடார் அலைகளை விழுங்கிவிட்டால், அதன் பின்னால் இருப்பது திரையில் வெற்றிடமாகத் தோன்றும். மழை குறைந்த வழி என்று நம்பிச் சென்ற இடத்தில்தான் மேகத்தின் கடுமையான பகுதி காத்திருக்கலாம். இதனால்தான் கடும் இடிமேகத்திலிருந்து ஏறத்தாழ 37 கி.மீ., அதாவது 20 கடல் மைல் தள்ளிச் செல்லுமாறு விமானிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது. நம் விமானம் நேர்வழியை விட்டு வளைந்து செல்லும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது பனிக்கட்டி. நம் ஊர் வெப்பத்தில் இருந்துகொண்டு பனிக்கட்டியைப் பற்றிப் பேசுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் புதுச்சேரிக்கு நேர் மேலே ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்திற்குச் சென்றாலே வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே இறங்கிவிடும். பெரிய விமானங்கள் பறக்கும் 11 கி.மீ. உயரத்தில் அது மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே. மேகத்திலுள்ள நீர்த்துளிகள் சுழியத்திற்குக் கீழேயும் உறையாமல் நீராகவே இருக்கக்கூடியவை. ஏதாவது ஒன்றில் மோதிய கணத்தில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். இறக்கையின் முன்விளிம்பில் அப்படிப் படியும் கட்டி, எடையைக் கூட்டுவதைவிட முக்கியமாக, இறக்கையின் வடிவத்தையே கெடுத்துவிடுகிறது. காற்று வழுக்கி ஓட வேண்டிய மேற்பரப்பு சொரசொரப்பானால், தாங்கும் விசை குறைந்துவிடுகிறது. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ரோஸ்லான் என்னும் ஊரருகே, சிகாகோவில் இறங்க முறை வரும்வரை வட்டமடித்துக்கொண்டிருந்த ஏடிஆர் 72 விமானத்தில், பனிக்கட்டியை உடைத்தெறியும் ரப்பர் உறைகளுக்குப் பின்னால் கட்டி படிந்தது. விமானம் திடீரென்று புரண்டு விழுந்து, 68 பேரும் இறந்தார்கள். அதன் பின் அந்த உறைகள் அகலமாக்கப்பட்டன, பனி படியும் சூழலில் இயக்குவதற்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் நாம் ஏறுவதும் பெரும்பாலும் ஏடிஆர் வகை விமானங்களே என்பதால், அந்த விபத்தின் படிப்பினை நம் பயணங்களையும் காத்துக்கொண்டிருக்கிறது.

பனிக்கட்டி இறக்கையைத் தொடாமலே கேடு விளைவித்த நிகழ்வும் உண்டு. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம், அட்லாண்டிக் கடலுக்கு மேல் இடிமேகக் கூட்டத்தின் ஊடே சென்றபோது, வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்கள் பனித்துகள்களால் அடைபட்டன. விரல் பருமனே உள்ள குழாய்கள் அவை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே அளவுகள் தவறின. ஆனால் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டிருந்த தானியங்கிக் கருவி விலகிக்கொண்டது, கையில் எடுத்த விமானி மூக்கை மேலே தூக்கினார், வேகம் குறைந்து இறக்கைகள் தாங்கும் திறனை இழந்தன. ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் விமானம் கடலில் விழுந்து, 228 பேரும் மாண்டார்கள். என்ன நடந்தது என்று தெரிய, கடலடியிலிருந்து கறுப்புப் பெட்டிகள் மீட்கப்படும்வரை, இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வானிலை அங்கே ஒரு சிறு குழப்பத்தைத்தான் உண்டாக்கியது. மிச்சம், நள்ளிரவு இருளில் அந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் போனதால் நேர்ந்தது.

நமக்கு இன்னும் அருகில் நிகழ்ந்தது 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில். துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொட்டும் மழையில் இரண்டாவது முறை இறங்க முயன்றபோது, பின்னாலிருந்து காற்று வீசும் திசையில் வந்து, ஓடுபாதையின் ஏறத்தாழ பாதித் தூரம் கடந்தபின் தரைதொட்டது. மீதமிருந்த ஈரப்பாதையில் நிற்க இடம் போதாமல், மேட்டுச் சமவெளியின் விளிம்பிலிருந்து சரிந்து உடைந்தது. 21 பேர் உயிரிழந்தார்கள். பின்காற்று இருந்தால் தரைதொடும் வேகம் கூடும். ஓடுபாதையில் நீர் தேங்கியிருந்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழையில் விரையும் கார் வழுக்குவதைப்போல், சக்கரங்கள் தரையைப் பற்றாமல் நீரின் மேல் மிதந்து செல்லும். இரண்டும் சேரும்போது ஓடுபாதையின் ஒவ்வொரு மீட்டரும் விலைமதிப்பற்றதாகிறது. எனினும் விசாரணை அறிக்கை மழையை மட்டும் குறை கூறவில்லை. சீராக அமையாத இறக்கத்தைக் கைவிட்டு மேலேறிச் செல்லாமல் தொடர்ந்ததையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. லாஸ்பேட்டையின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர்தான்; சென்னையின் முதன்மை ஓடுபாதை அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். அடைமழை நாட்களில் புதுச்சேரி விமானம் ரத்தாவதைக் கண்டு சலித்துக்கொள்பவர்கள் இந்த இரண்டு அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மூடுபனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அது விமானத்தை எதுவும் செய்வதில்லை, மனிதர்களின் கண்ணை மட்டும் மறைக்கிறது. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தபோது, ஒன்று மற்றொன்றைக் கண்டது மிகத் தாமதமாக.

பயணிகள் பெரிதும் அஞ்சும் மின்னலும் குலுக்கலும் இந்தப் பட்டியலில் பின்னால்தான் வருகின்றன. 1963 டிசம்பரில் மேரிலாந்தில் பான் ஆம் விமானம் ஒன்று மின்னல் தாக்கி எரிபொருள் ஆவி தீப்பற்றியதால் 81 பேருடன் அழிந்தது உண்மை. ஆனால் அதன் பிறகு எரிபொருள் தொட்டிகளின் பாதுகாப்பும் மின்னோட்டத்தை வெளிப்பரப்பிலேயே கடத்திவிடும் வடிவமைப்பும் வெகுவாக மேம்பட்டன. இன்று மின்னல் பட்ட விமானம் பெரும்பாலும் ஒரு கரிய புள்ளியுடன் இறங்கி, சோதிக்கப்பட்டு, மீண்டும் பறக்கச் செல்கிறது. குலுக்கலால் நவீன விமானம் உடைவதும் மிக அரிது. காயமடைவோர் பெரும்பாலும் இருக்கைப் பட்டை அணியாதவர்கள்.

வானிலைமேல் பழிபோடுவது எளிது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் சென்ற ஏர் ஏசியா விமானம் 162 பேருடன் ஜாவா கடலில் விழுந்தபோது, அப்பகுதியில் இடிமேகங்கள் திரண்டிருந்ததால், அவையே காரணம் என்று உலகமே முதல் வாரத்தில் பேசியது. ஓராண்டு கழித்து வெளியான அறிக்கையோ, வால்பகுதிக் கருவி ஒன்றின் மின்பலகையில் விரிசல்விட்ட பற்றவைப்பையும், அதைத் தொடர்ந்து விமானிகள் செய்தவற்றையும் சுட்டியது.

ஃபெஞ்சல் நாளன்று சென்னையில், தரைதொடும் தறுவாயில் பக்கக்காற்றில் தள்ளாடிய ஒரு விமானம் சட்டென்று மேலேறிச் சென்ற காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மயிரிழையில் தப்பியது என்றுதான் அது பகிரப்பட்டது. விமானிகள் அதை கோ அரவுண்ட் என்பார்கள். இறக்கம் சரியாக அமையவில்லை என்று தோன்றினால் கைவிட்டு மேலேறுவதற்காகவே வகுக்கப்பட்ட, பயிற்சியில் நூறு முறை செய்து பழகிய நடைமுறை அது. கோழிக்கோட்டில் நடக்காமல் போனதும் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், ஹைதராபாத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்த சிறிய விமானம் ஒன்றில் நானும் இருந்தேன். ஊரின் மேல் இடிமேகம் நிற்கிறது என்று அறிவித்து, விமானி கடலுக்கு மேல் சற்று நேரம் வட்டமிட்டார். பிறகு எரிபொருளைக் கணக்கிட்டு, சென்னைக்குத் திருப்பிவிட்டார். வீட்டுக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்டுத் திரும்புவதா என்று பலரும் கோபப்பட்டோம். இரவு பேருந்தில் வந்தபோது காலாப்பட்டைத் தாண்டியதும் சாலை நனைந்திருந்தது. மழை நின்று வெகுநேரமாகியிருந்தது. லாஸ்பேட்டைக்கு ஏற்றிச்சென்ற ஆட்டோ ஓட்டுநரிடம் மழை பலமா என்று கேட்டேன். "மழை இருபது நிமிஷம்தாங்க சார். ஆனா காத்துதான் பேய்க்காத்து. ரெண்டு மரம் சாஞ்சுடுச்சு" என்றார். அது எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். கால அட்டவணைப்படி நாங்கள் தரைதொட வேண்டிய நேரம் அந்த இருபது நிமிடங்களுக்குள் இருந்தது.